படிக்காமல் போட்ட கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

இன்று ஐந்து பேர் லீவு. வரலாறு, விஞ்ஞானம், இரண்டு மொழி ஆசிரியர்கள், போதாக்குறைக்கு பி.டி. மாஸ்டர். ஏழே முக்காலுக்கே போய் உட்கார்ந்து, யாருக்கு எந்த பீரியட் காலி என்று பார்த்து, வராதவர்களின் வகுப்புகளை வந்தவர்கள் தலையில் கட்டி முடிப்பதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. பதினோரு வருடமாக இதே வேலை. மாற்று வகுப்பு நோட்டோடு நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் போதும், பாதிப் பேருக்கு அவசரமாகக் கழிவறை ஞாபகம் வருகிறது. எனக்குப் 'பீரியட் திருடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என் காதுக்கு வரவில்லை என்று நினைப்பு.

நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூடப் படிப்பதில்லை. "எந்த கிளாஸ்னு வாயால சொல்லிருங்க டீச்சர்" என்றபடியே ஓவிய மாஸ்டர் கையெழுத்துப் போடுகிறார். கணக்கு டீச்சர் அதையும் கேட்பதில்லை.

மாலை மனநல டாக்டரம்மாவிடம் போனேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவது. அதே மாத்திரை, அதே அளவு. கிளம்பும்போது இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "நல்லா இருக்கறப்பவே எழுதி வெச்சிருங்க. மறுபடி முடியாமப் போச்சுன்னா உங்களுக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, உங்களுக்காக யார் பேசணும். எல்லாம் நீங்களே."

பையில் போட்டுக்கொண்டேன். வெளியே எடுக்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

படிவம் இன்னும் பையில்.

ஜூன் 15, ஞாயிறு

எடுத்துவிட்டேன். 'சென்ற முறை சிகிச்சையின்போது உங்களுக்கு எது வேதனை தந்தது?' என்று கேட்டு இரண்டே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு வரியாம்!

சென்ற முறை என்றால் ஒரு வருடம் எட்டு மாதத்துக்கு முன்னால். கட்டில் கம்பியில் துணிப்பட்டையால் இரண்டு கையையும் கட்டினார்கள். நாலு மணி நேரம். மூக்கு அரித்தது, சொறிய ஆள் இல்லை. பிறகு ஒரு ஊசி போட்டதில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. பேச்சு வராததால், 'அமைதியாகிவிட்டார்' என்று எழுதிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், படிச்சீங்களா என்று. "அங்க நின்னு படிக்கற மாதிரியா இருந்துச்சு? கேட்டாங்க, போட்டேன்" என்றார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவர். யார் வீட்டுக்குப் போனாலும் வாரண்டி அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைக் கழற்றுவார். பெண்டாட்டிக்கு வாரண்டி அட்டை கிடையாது போல.

எனக்கு அவர் மேல் கோபம். இன்னும் போகவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

'உங்களுக்காக முடிவெடுக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் பென்சிலால் அவர் பெயரை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அழித்ததில் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

யாரை எழுதுவது? அம்மா அப்பா இல்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், பத்தொன்பது வயது. அவள் தலையில் இதை வைக்க மாட்டேன். சென்ற முறை அவளிடம், அம்மா ட்ரெயினிங் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அவளும் நம்புவது போல நடித்திருக்கிறாள்.

நாத்தனாரைப் பற்றி யோசிக்கிறேன். வீட்டுக்காரரின் அக்கா. குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதும் மேஜை. இருபத்திரண்டு வருடமாக ஊரே போனில் கத்துகிறது, இவர் அத்தனையையும் சொன்னது சொன்னபடி எழுதி, நேரம் போட்டு, எண் போடுகிறார். எங்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கல்யாணத்தன்றே என் புடவை மடிப்பில் குற்றம் கண்டுபிடித்தவர்.

ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எல்லோரும் பழத்தோடு வந்து, துக்கம் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் வெறுங்கையோடு வந்தார். "துணி துவைக்க முடியுதா, கை வலிக்குதா?" என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். இரண்டு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

"எதுக்கு நான்? உன் புருஷன் குத்துக்கல்லு மாதிரி இருக்கானே."

"அவர் யார் என்ன கேட்டாலும் தலையாட்டிருவார்க்கா."

"நான் உங்கிட்டப் பிரியமா இருந்ததே இல்லையேம்மா."

"அதனாலதான் கேக்கறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா என்று புரியவில்லை. பிறகு, "எழுதியிருக்கறத மட்டும்தான் செய்வேன். ஒரு புள்ளி கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். நீ அழுதாலும் மாத்த மாட்டேன். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வரும் வழியெல்லாம் காரணமில்லாமல் அழுகை வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

ஜூலை 3, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்காவா?" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டு, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எட்டரை மணிக்கே.

ஜூலை 5, சனி

படிவத்தை அவர் பார்த்திருக்கிறார். இன்று காலை கேட்டார். "மொத மூணு நாள் வீட்டுக்காரர் பாக்க வரக் கூடாதுன்னு எழுதியிருக்கியே. அது எதுக்கு?"

"உங்க மூஞ்சியப் பாத்தா நான் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு கெஞ்சுவேன். நீங்க கூட்டிட்டு வந்துருவீங்க."

சென்ற முறை இரண்டாம் நாளே அப்படித்தான் கூட்டிவந்தார். நாலு நாளில் இன்னும் மோசமாகித் திரும்பப் போனோம். கட்டியது அப்போதுதான்.

"சரி, அது நியாயம். 'என் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம், கேட்டால் போட்டுவிடுவார்'னு வேற எழுதியிருக்க."

"அதுவும் நியாயம்தானே?"

செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாமோ? ஏன் இருக்க வேண்டும்? ஆனாலும் நாள் முழுக்க உறுத்தியது.

ஜூலை 19, சனி

முடிந்தது. டாக்டரம்மா அறையில் எல்லோரும். சாட்சிக்கு நர்ஸும் கீழே மருந்துக்கடைக்காரரும்.

கட்டக் கூடாது, தேவைப்பட்டால் ஒரு ஆள் பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஊசி கூடாது, அதற்குப் பதில் இது என்று டாக்டரம்மாவே மருந்தின் பெயரை எழுதினார். மகளிடம் பொய் சொல்லக் கூடாது. எனக்கு நிலை தவறுகிறது என்பதற்கு அடையாளம்: தொடர்ந்து தூங்காமல் இருப்பது, நாலு கலர் பேனா வாங்கி டைம்டேபிளைத் திரும்பப் போட ஆரம்பிப்பது, யார் என்ன கேட்டாலும் சரி என்பது. நான் யார் கேட்டாலும் சரி சொன்னால் அது வியாதிதான். பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"இத எப்ப வேணா மாத்தலாம், ரத்தும் பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். அப்ப நீங்க தெளிவா இருக்கணும்."

"தெளிவா இருக்காளான்னு யார் சொல்றது?" என்று நாத்தனார் கேட்டார்.

"அன்னிக்கு இருக்கற டாக்டரும், கூட இருக்கறவங்களும்."

நாத்தனார் தன் தாளின் மேல் மூலையில் 'எண் 1' என்று போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு பிரதி, ஆஸ்பத்திரிக் கோப்புக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவதை வீட்டுக்காரர் வாங்கி எட்டாக மடித்து டூல்ஸ் பையில் ஸ்பானர்களுக்கு நடுவே போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

எட்டுப் பேர் லீவு. செத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சண்டை. கறுப்புப் பேனா கிடைக்காமல் ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தேன். மேஜையில் வைத்ததும் அவர் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி பேனாவை.

கத்திவிட்டேன். ஒரு பேனா வாங்க உரிமை இல்லையா எனக்கு? கொஞ்சம் உரக்கச் சிரித்தால் திரும்பிப் பார்க்கிறீங்க. பத்து நிமிஷம் லேட்டாத் தூங்கினா எண்ணிட்டுப் படுத்திருக்கீங்க. நான் என்ன வெடிகுண்டா? இனிமே என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா பாருங்க.

"கேக்கல" என்றார்.

நல்ல நிலையில் இருப்பதையும் தினம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் அலுப்பு. வியாதிகூட அவ்வளவு இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மகளுக்குப் பரீட்சை. அந்தக் கவலையில் இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. ஆனால் களைப்பே தெரியவில்லை. இன்று வேலை மளமளவென்று முடிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

எத்தனை எளிது! பதினோரு வருடமாக நான் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். லீவு போட்டவர்களின் வகுப்பை நிரப்புவது வேலையே இல்லை. யாருமே லீவு எடுக்க வேண்டாத டைம்டேபிள் — அதுதான் வேலை! சிவப்பு காலை, நீலம் மதியம், பச்சை எல்லோருக்கும் பொது, ஊதா எனக்கு. ஓவிய மாஸ்டர் வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க ஃப்ரீ கேட்டார். கொடுத்தேன். கணக்கு டீச்சர் முதல் பீரியட் வேண்டாம் என்றாள். எடுத்தேன். எல்லோரும் கேளுங்கள்! "டீச்சர் இந்த வாரம் ரொம்ப நல்ல மூடு" என்கிறார்கள். ஆமாம், ஆமாம்.

வீட்டில் ஒருவர் வாயைத் திறப்பதில்லை. பார்க்கிறார். பார்க்கட்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அந்தத் தாள் ஒன்றுதான் என் கழுத்தில் கிடந்த கயிறு. புகார் மேஜைக்காரியிடம் போய் என்னைக் கொடுத்திருக்கிறேனே! ரத்து செய்து அழகாக எழுதினேன், கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல். காலையில் நோட்டுக்குள் வைத்து நீட்டினேன். இங்கே ஒன்று, இங்கே ஒன்று. ஓவியம் போட்டது. கணக்கு போட்டது. படிக்கவே இல்லை! நன்றி ஓவியம். நன்றி கணக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இன்றுதான் இதைத் திறந்தேன். மேலே உள்ள இரண்டு பக்கத்தையும் படித்தேன். கிழித்துவிடலாம் போல இருந்தது. வேண்டாம், இருக்கட்டும்.

அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் துண்டு துண்டாகத்தான். பக்கத்தில் ஒரு குண்டு நர்ஸ் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். மணிக்கட்டைப் பார்க்கிறேன். தடம் இல்லை.

ரத்து செய்தேனே, பிறகு எப்படி?

அவரைக் கேட்டால், "அக்காகிட்டக் கேளு. எழுதி வெச்சிருக்கா" என்கிறார்.

அக்டோபர் 18, சனி

நாத்தனார் வந்தார். ஆபீஸ் நோட்டு மாதிரியே ஒரு நீள நோட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புகார் படிப்பது போலப் படித்தார். ஞாபகம் இருக்கும்போதே இங்கே எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி. பத்தே காலுக்குத் தலைமையாசிரியை போன். நான் அறிவிப்புப் பலகையைக் கழற்றி நடுக்கூடத்தில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து டைம்டேபிள் எழுதிக்கொண்டிருந்தேனாம். பதினொன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வெளியூர். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்ன டாக்டர் இருந்திருக்கிறார்.

நான் பையிலிருந்து ரத்துத் தாளை எடுத்து நீட்டி, நாத்தனாரைக் காட்டி, "இந்தம்மாவுக்கு என் விஷயத்துல அதிகாரம் இல்ல" என்றேனாம். சின்ன டாக்டர் பார்த்தார். தேதி இருக்கிறது, இரண்டு சாட்சி இருக்கிறது, எழுத்து சுத்தமாக இருக்கிறது. "அப்படின்னா வீட்டுக்காரர்தான் முடிவெடுக்கணும்" என்று படிவத்தை இவர் பக்கம் தள்ளிவிட்டார். 'தேவைப்பட்டால் கட்டுப்படுத்த' என்று அதில் அச்சடித்தே இருக்கும். அந்த ஊசியும் அதில் உண்டு.

"நீங்க என்ன செஞ்சீங்கக்கா?"

"நான் என்ன செய்யறது? என் பேருதான் ரத்தாயிடுச்சே. பேனாவ மூடி வெச்சுட்டேன்."

பக்கத்தைத் திருப்பினார்.

"பன்னெண்டு மணி. தம்பி மூக்குக் கண்ணாடி எடுத்துப் போட்டான். டாக்டர், 'எல்லாரும் போடறதுதான் சார், கீழ போடுங்க'ன்னார். தம்பி, 'போன தடவ நானும் போட்டேன். இருங்க, படிச்சுட்டு.' பன்னெண்டு ஒம்போது வரைக்கும் படிச்சான். நீ அந்த ஒம்போது நிமிஷமும் கத்திட்டு இருந்த. என்ன கத்தினன்னு எழுதியிருக்கேன். படிக்கவா?"

"வேண்டாம்."

"சரி." விரலால் நாலு வரியைத் தாண்டினார்.

பிறகு வீட்டுக்காரர் தோளில் இருந்த டூல்ஸ் பையைத் தரையில் வைத்து, உள்ளேயிருந்து எட்டாக மடித்த அந்தப் பழைய தாளை எடுத்திருக்கிறார். கிரீஸ் பட்ட தாள். சின்ன டாக்டர், நர்ஸ், வாசலில் நின்ற வேலையாட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து படித்திருக்கிறார். 'என் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம், கேட்டால் போட்டுவிடுவார்' என்ற வரியையும்.

"அதையுமா?"

"அதையும்தான். தாண்டல. குரல் கொஞ்சம் இறங்குச்சு, அவ்ளோதான்."

அதன் பிறகு அவர் சொன்னதை நாத்தனார் அப்படியே எழுதியிருந்தார். "ரெண்டாவது பேப்பர் எழுதினப்ப அவ ஒரு வாரமா தூங்கல. நான் கூடவே இருந்தேன். நாலு கலர் பேனா மேஜைல இருக்கு. அதுதான் அடையாளம்னு மொத பேப்பர்ல அவளே எழுதியிருக்கா பாருங்க. மொத பேப்பர்தான் அவ பேசறது. அக்கா, நீ போடு."

சின்ன டாக்டர் விடவில்லை. சாட்சிகளைக் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டிருக்கிறார். ஓவிய மாஸ்டர் சொன்னதும் நோட்டில் இருந்தது: "டீச்சர் நீட்டினாங்க, போட்டேன். என்னன்னு பாக்கல."

அதன் பிறகுதான் நாத்தனார் பேனாவைத் திறந்திருக்கிறார். கட்டவில்லை. அந்த ஊசி போடவில்லை. மாலையே மகளுக்குப் போன் செய்து, "உங்கம்மாவுக்கு மறுபடி வந்துருக்கு. ஆஸ்பத்திரில இருக்கா. ரெண்டு வாய் சாப்ட்டா" என்று சொல்லியிருக்கிறார். மகள், "தேங்க்ஸ் அத்தை" என்றாளாம். அதற்கும் நேரம் குறித்திருந்தது.

"மூணு நாளும் அவன் மாடிக்கு வரல. கீழ சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பெஞ்சு. காலைல வந்து உக்காருவான், சாயங்காலம் போவான். நாலாவது நாள் மட்டும் சட்டைய இஸ்திரி போட்டுட்டு, பாக்கற நேரத்துக்கு அரை மணி முன்னாடியே படிக்கட்டுல நின்னுட்டு இருந்தான்."

நோட்டை மூடினார். "துணி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவரே குளியலறைக்குப் போய் வாளியை எடுத்தார்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஒன்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேனாவைப் பார்த்தீங்க, தூங்காததைப் பார்த்தீங்க. அன்றைக்கே ஏன் டாக்டரம்மாவுக்குப் போன் போடவில்லை?

"ஆகஸ்ட்ல ஒரு பச்சைப் பேனாவுக்கு அந்தக் கத்து கத்தினியே. அதான், இதுவும் அப்படித்தானோன்னு பொறுத்துப் பாத்தேன். தப்புதான்."

அவருடைய தப்பு பாதி. மீதிப் பாதியை நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஆகஸ்ட் இருபதில்.

அக்டோபர் 27, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே பெரிதாகக் கேட்டது. ஓவிய மாஸ்டர் பின்னாலேயே வந்து, "டீச்சர், நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். "நான்தானே நீட்டினேன், விடுங்க" என்றேன்.

நோட்டு கணக்கு டீச்சரிடம் இருந்தது. திரும்பக் கொடுத்தாள். இன்று மூன்று பேர்தான் லீவு. ஆனாலும் கையெழுத்து வாங்க முழு இடைவேளையும் போய்விட்டது. எல்லோரும் படிக்கிறார்கள்! தேதியைப் பார்க்கிறார்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். "இது ஏழு பி இல்ல டீச்சர், ஏழு சி" என்று கணக்கு டீச்சர் தப்புக் கண்டுபிடித்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. எரிச்சலாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, சனி

டாக்டரம்மா புதுப் படிவம் கொடுத்திருக்கிறார். பழையதில் விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். நான் எழுதும் ரத்து, டாக்டரம்மாவே என்னைப் பார்த்து, தெளிவாக இருக்கிறேன் என்று எழுதினால்தான் செல்லும். அடையாளம் எதையாவது பார்த்தால் வீட்டுக்காரர் என்னைக் கேட்கத் தேவையில்லை, நேராக டாக்டரம்மாவுக்குப் போன் போடலாம். நான் கத்தினாலும்.

முடிவெடுக்கிறவர் கட்டத்தில் இந்தத் தடவை அவர் பெயரைப் பேனாவால் எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். அக்காவே இருக்கட்டும்."

"ஏன், இப்பதான் படிக்கறீங்களே?"

"படிப்பேன். நீ அழுதா என்னால கையெழுத்துப் போட முடியாது. அவளால முடியும்."

நவம்பர் 15, சனி

'என் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம்' என்ற வரியை அப்படியே வைத்தேன். 'கேட்டால் போட்டுவிடுவார்' என்பதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், 'ஆனால் எந்தத் தாளாக இருந்தாலும் அவர் முழுதாகப் படித்த பிறகே என் நாத்தனார் கையெழுத்துப் போட வேண்டும்' என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. தாளை நீட்டி, பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றேன்.

கண்ணாடியைத் தேடினார். நெற்றியில்தான் இருந்தது. டீ கொண்டுவந்து வைத்தேன். முதல் பக்கம் முடிக்கவே டீயில் ஆடை படிந்துவிட்டது. புது வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வந்ததும் நின்றார். ஆள்காட்டி விரலை அந்த வரியின் கீழே வைத்து மறுபடி ஒருதரம் ஓட்டினார். பிறகு அடுத்த வரி.

"மொத மூணு நாள் நான் வரக் கூடாதுங்கறது... அது அப்படியேதான் இருக்கு?"

"அப்படியேதான்."

கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் தாளை மடிக்காமல் என்னிடம் கொடுத்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"பரவால்ல" என்றார். "கீழ பெஞ்சு இருக்கு."